ஒரு மணி நேரத்தில் திருச்சியாம்!

சென்னையிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். சேலத்துக்கும் ஒரு மணி நேரம். மதுரைக்கு ஒன்றேகால். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தொடங்கி, மாவட்டத்துக்கு ஒரு விமான நிலையம் கேட்டு மனுக் கொடுக்கும் சங்கங்கள் வரை எல்லோரும் ஒப்பிப்பது இந்தக் கணக்கைத்தான். ரயிலில் ஐந்து மணி நேரம், விமானத்தில் ஒன்று, ஆகவே நாலு மணி நேரம் மிச்சம் என்பார்கள். கழித்தலில் பிழை இல்லை. கழிக்க எடுத்துக்கொண்ட எண்ணில்தான் பிழை. சமையலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் தாளிக்கும் நேரத்தை மட்டும் சொல்வது போன்ற கணக்கு இது.

செங்கல்பட்டில் நின்று பார்த்தால் இந்தப் பிழை பளிச்சென்று தெரியும். ஒரு வரைபடத்தையும் அளவுகோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். மீனம்பாக்கம் ஓடுபாதையில் ஒரு புள்ளி, திருச்சி விமான நிலையத்தில் ஒரு புள்ளி வைத்து இரண்டையும் இணையுங்கள். ஏறக்குறைய 295 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கோடு செங்கல்பட்டு ஊரின் தலைக்கு மேலேயே போகிறது. அதாவது, திருச்சிக்குப் பறக்க ஆசைப்படும் செங்கல்பட்டுக்காரர் முதலில் வடக்கே நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். அங்கே காத்துக் கிடந்து விமானம் ஏறி, காலையில் பூட்டிவிட்டு வந்த தன் வீட்டின் மேலேயே பறந்து தெற்கே போக வேண்டும். இதற்குப் பெயர் நேரம் மிச்சம்! (விமானங்கள் அளவுகோல் போட்ட கோட்டில் பறப்பதில்லை என்பது தெரிந்ததுதான். வான்வழித் தடங்கள், தாம்பரம் விமானப்படைத் தளம், மேலே பறக்கத் தடையுள்ள கல்பாக்கம் அணுமின் வளாகம் எல்லாம் பாதையை வளைக்கும். வளைந்தால் தூரம் கூடுமே தவிரக் குறையாது.)

அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு வகை, உட்கார்ந்த இடத்தில் போடும் கணக்கு. இரண்டு ஊர்களுக்கு இடையிலான நேர்கோட்டுத் தொலைவை எடுத்து, மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற ஜெட் வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் கூட்டினால் முடிந்தது. திருச்சிக்கு இருபத்திரண்டு நிமிடமும் அரை மணியும் சேர்ந்து ஐம்பத்திரண்டு நிமிடம் வரும். இந்த முறையில் மாமல்லபுரத்துக்கும் சேலத்துக்கும் இடையில்கூடப் பறக்கும் நேரம் சொல்லிவிடலாம். மாமல்லபுரத்தில் விமானம் இறங்க ஒரு முழம் ஓடுபாதை கிடையாது என்பது அந்த வகுத்தலுக்குத் தெரியாது. சிறு ஊர்களுக்குப் போகிறவை பெரும்பாலும் ஏடிஆர் 72 என்ற விசிறி வைத்த விமானங்கள், அவற்றின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டியது என்பதும் தெரியாது.

இன்னொரு வகை, டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம். இது கொஞ்சம் நாணயமானது. ஆனால் இதுவும் விமானம் காற்றில் இருக்கும் நேரம் அல்ல. நின்ற இடத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை போடும் வரையிலான நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பதும் இதற்குள் அடக்கம். தாமதப் பட்டியலில் பெயர் வராமல் இருக்க விமான நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூட்டியே போடுகின்றன. அதற்கு மேலும் பதினைந்து நிமிடம் வரை பிந்தினால் அரசுக் கணக்கில் அது 'சரியான நேரம்'தான். சென்னையின் முதன்மை ஓடுபாதை ஏறக்குறையக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கடல் காற்று வீசும்போது, தெற்கே போக வேண்டிய விமானம் கடலைப் பார்த்துக் கிளம்பி, மேலே ஏறி, அப்புறம்தான் தெற்கே திரும்பும். திருச்சி போன்ற கிட்டத்து ஊருக்கு ஜெட் விமானமே போனாலும், முழு உயரத்துக்கு ஏறி முடித்த கையோடு இறங்கத் தொடங்கிவிட வேண்டியதுதான். விளம்பரத்தில் சொல்லும் அந்த 800 கிலோமீட்டர் வேகம் பயணிக்குக் கிடைப்பது சில நிமிடங்களே.

இப்போது வீட்டுக் கதவிலிருந்து கதவு வரையிலான கணக்கைப் போடுவோம். காலை பத்து மணி விமானம், ஏறுகிறவர் செங்கல்பட்டு நகரத்துக்காரர், கையில் பெட்டி உண்டு. உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி வாங்கும் கவுன்டர் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். இரண்டு மணி நேரம் முன்னால் வந்துவிடுங்கள் என்று நிறுவனங்களே சொல்கின்றன. ஆக எட்டு மணிக்குத் திரிசூலத்தில் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி சாலையில் பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டி, மகிந்திரா சிட்டிக்கு ஆள் ஏற்றி வரும் பேருந்துகளோடும் மறைமலை நகர் ஆலைகளின் ஷிப்டு வண்டிகளோடும் முட்டிமோதி, கூடுவாஞ்சேரியில் நின்று, பெருங்களத்தூரில் நின்று போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொள்ளாதவர் துணிச்சல்காரர். ஆறரைக்குக் கிளம்பியாக வேண்டும்.

மின்சார ரயில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, திரிசூலம் நிலையம் விமான நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. காலை வேளையில் அந்த வண்டியில் பெட்டியோடு ஏறிப் பார்த்தவர்களுக்கு நான் மேற்கொண்டு எதுவும் சொல்லத் தேவையில்லை. செங்கல்பட்டில் உட்கார இடம் கிடைத்துவிடும். சிங்கப்பெருமாள் கோவிலில் நடைவழி நிறையும். கூடுவாஞ்சேரியில் வாசல் நிறையும். தாம்பரத்தில் இறங்குகிற கூட்டத்தைவிட ஏறுகிற கூட்டம் பெரிது. திரிசூலத்தில் வண்டி நிற்பது அரை நிமிடம். அதற்குள் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கி, "கொஞ்சம் வழி விடுங்க சார், ஏர்போர்ட் போகணும்" என்று சொல்லிக்கொண்டே இறங்க வேண்டும். ஏர்போர்ட் போகிறவன் இந்த ரயிலில் ஏன் வருகிறான் என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு படி, சுரங்கப்பாதை, மறுபடி படி.

பத்து மணிக்குக் கிளம்பிய விமானம் பதினொன்றுக்குத் திருச்சியில் இறங்குகிறது. பெட்டி சுழல்மேடையில் வந்து சேர்ந்து வெளியே வர இருபது முப்பது நிமிடம். திருச்சியில் விமான நிலையம் ஊருக்குப் பக்கம் என்பதால் பன்னிரண்டு மணிக்குள் வீடு வந்துவிடும். ஆறரையிலிருந்து பன்னிரண்டு வரை ஐந்தரை மணி நேரம்.

வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15இலிருந்து ஓடுகிறது. செங்கல்பட்டில் நிற்கிறது. இங்கிருந்து திருச்சி சந்திப்பு 280 கிலோமீட்டர், சுமார் நாலு மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் பதினைந்து நிமிடம், அங்கே இறங்கி வீடு போக இருபது நிமிடம் என்று தாராளமாகக் கூட்டினாலும் ஐந்து மணி நேரத்தைத் தாண்டாது. இரண்டாம் வகுப்பு இருக்கைக் கட்டணம் இருநூறு ரூபாய்க்குள். விமான நிலையத்துக்கு டாக்சி வைத்தால் அந்தக் கூலி ஒன்றிலேயே நாலைந்து பேர் ரயிலில் திருச்சி போய்விடலாம்.

விமானத்துக்கு எதிராக வேண்டுமென்றே கணக்கைத் திருகுகிறேன் என்று தோன்றலாம். சரி, மறுபக்கம் திருகிப் பார்ப்போம். பெட்டி இல்லை, கையில் ஒரு பைதான். செக்-இன் கைபேசியிலேயே முடிந்தது. ஒரு மணி நேரம் முன்னால் போனால் போதும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, சாலை காலி. அப்போதும் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். எல்லாம் கூடி வந்த நாளில் கிடைக்கும் லாபம் ஒரு மணி நேரம். எதுவும் கூடி வராத நாளில் நஷ்டம் எவ்வளவு என்பதற்கு எல்லையே இல்லை. பொங்கலுக்கு முந்தைய நாள் ஜிஎஸ்டி சாலையில் மாட்டியவர்களைக் கேளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐந்தரை மணி நேரப் பயணத்தில் விமானம் காற்றில் இருப்பது முக்கால் மணி நேரம். நாளையே இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும் விமானத்தைக் கொண்டுவந்து விட்டாலும், ஏறி இறங்கும் நேரம் போகப் பத்து நிமிடம் குறைந்தால் அதிகம். பெருங்களத்தூரில் நெரிசலைச் சரிசெய்தால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். குறுந்தொலைவில் வேகத்தைத் தீர்மானிப்பது தரைதான். வானத்தின் வேகத்தைச் சொல்லி விற்கிறார்கள், தரையின் வேகத்தில் நாம் போகிறோம்.

"விமான நிலையமே உங்கள் மாவட்டத்தில்தானே இருக்கிறது, இன்னும் என்ன குறை?" என்று கேட்பவர்கள் உண்டு. 2019 நவம்பர் 29இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு மாவட்டம் உருவானபோது பல்லாவரம் வட்டம் எங்கள் பக்கம் வந்தது, அதோடு திரிசூலமும் வந்தது. மகிழ்ச்சி. செய்யூரும் இதே மாவட்டம்தான், அங்கிருந்து திரிசூலம் எண்பது கிலோமீட்டரை ஒட்டும். மாவட்ட எல்லைக்கோடு யாருடைய பயண நேரத்தையும் குறைப்பதில்லை.

பரந்தூரைப் பாருங்கள். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்காகப் பரிசீலித்த நாலு இடங்களில் படாளமும் திருப்போரூரும் இருந்தன. இரண்டும் செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள். 2022இல் முடிவானது காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூர். அந்த நிலத்து மக்கள், குறிப்பாக ஏகனாபுரத்துக்காரர்கள், நடத்தும் போராட்டம் தனிக் கட்டுரைக்குரிய விஷயம், அதை இங்கே ஒரு வரியில் முடித்துவிட எனக்கு மனமில்லை. என் வாதத்துக்கு வேண்டியது இவ்வளவே: செங்கல்பட்டுக்கும் சரி, மாமல்லபுரத்துக்கும் சரி, பரந்தூர் மீனம்பாக்கத்தைவிடத் தொலைவு. நாளை திருச்சி விமானம் அங்கே மாறினால் பறக்கும் நேரம் அதே ஒரு மணி நேரமாகவே இருக்கும், அட்டவணையில் ஒரு எழுத்துக்கூட மாறாது. ஆனால் எங்களுக்குப் பயண நேரம் கூடிவிடும். பயணம் நீண்டாலும் அசையாமல் நிற்கிற அளவுகோலைக் கொண்டு பயணத்தை அளப்பதில் என்ன பொருள்?

விமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூத்துக்குடிக்கு நேர்கோட்டில் 525 கிலோமீட்டரை ஒட்டும். ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டும். அங்கே வாகைக்குளத்தில் இறங்குகிறவருக்கு, தரையில் இழந்ததையெல்லாம் ஈடுகட்டி மேலும் நாலைந்து மணி நேரம் கையில் நிற்கும். யாழ்ப்பாணத்துக்கோ கேள்வியே இல்லை. 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறந்து, அந்த நவம்பரில் சென்னையிலிருந்து ஏடிஆர் விமானம் போகத் தொடங்கியது, கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. 355 கிலோமீட்டர்தான், திருச்சியைவிட அறுபது கிலோமீட்டர் கூடுதல். ஆனால் நடுவே கடல் கிடக்கிறது. மாமல்லபுரத்துக் கரையில் நின்று தெற்கே பார்க்கிறவருக்கு அந்தப் பக்கம் போக வேறு சுருக்கு வழி கிடையாது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே என்ற தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே என்ற தீவுக்குப் போகும் விமானம் இருக்கிறது. தூரம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு, அட்டவணை நேரம் இரண்டு நிமிடம். உலகிலேயே மிகக் குறுகிய விமானத் தடம் அது. அதைக் கேலி செய்ய எனக்கு நாக்கு வராது, ஏனென்றால் அங்கேயும் நடுவே கடல். சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவே என்ன இருக்கிறது? ரயில் பாதையும் நாலுவழிச் சாலையும் இருக்கின்றன. கூடவே நாங்களும் இருக்கிறோம்.

இந்த ஒரு மணி நேரக் கணக்கு பந்திப் பேச்சோடு நின்றிருந்தால் இவ்வளவு நீளமாக மறுக்க வேண்டியதில்லை. அது அரசின் கொள்கையாகவே ஆகிவிட்டது. 2016இல் அறிவித்து 2017 ஏப்ரலில் முதல் விமானம் விட்ட உடான் திட்டத்தின் அடிப்படையே அதுதான்: ஏறக்குறைய 500 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பறத்தல், அதற்கு 2,500 ரூபாய் என்று ஒரு பகுதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு. நஷ்டத்தை ஈடுகட்ட மூன்று ஆண்டுகளுக்கு மானியம். ஹவாய் செருப்புப் போட்டவரும் விமானத்தில் போகலாம் என்பது முழக்கம். முழக்கத்தில் தவறில்லை. ஆனால் அந்தச் செருப்புக்காரர் தன் வீட்டிலிருந்து விமான நிலையம் போகிற தூரத்துக்குத் திட்டத்தில் இடமே இல்லை.

விளைவு எப்படி இருந்தது? 2023இல் வந்த சிஏஜி அறிக்கை எண்களை அடுக்குகிறது. முதல் மூன்று சுற்றுகளில் ஒப்படைத்த தடங்கள் 774. அவற்றில் 403 தடங்களில் விமானம் பறக்கவே இல்லை. பறக்கத் தொடங்கிய 371இல் மானியம் உள்ள மூன்று ஆண்டுகளைத் தாக்குப்பிடித்தவை 112. மானியம் முடிந்த பிறகும் 2023 மார்ச் வரை ஓடிக்கொண்டிருந்தவை 54. நூற்றுக்கு ஏழு. நிறுவனங்களின் பணமுடை, விமானத் தட்டுப்பாடு, ஓடுபாதை தயாராகாதது என்று காரணங்கள் பல உண்டு, கொரோனாவும் நடுவில் வந்தது. அவற்றோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். கதவிலிருந்து கதவு வரை கணக்குப் போட்டுப் பார்த்த பயணி, பல தடங்களில் தன் பழைய பேருந்துக்கே திரும்பிப் போனார். நம் பக்கத்திலேயே சாட்சிகள் உண்டு. நெய்வேலியும் வேலூரும் பட்டியலில் பெயர் வந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் விமானத்தைக் காணாமல் காத்திருந்தன. சேலத்துக்கு 2018 மார்ச்சில் வந்த சென்னை விமானம் பின்னர் நின்றது. 2023 அக்டோபரில்தான் மறுபடி வந்தது. சேலம் விமான நிலையம் இருப்பதும் சேலத்தில் அல்ல, ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில். செங்கல்பட்டிலிருந்து கிளம்பிக் காமலாபுரத்தில் இறங்கிச் சேலம் ஊருக்குள் போகிறவர், திண்டிவனம், உளுந்தூர்பேட்டை வழியாகக் காரில் போகிறவரைப் பார்த்துப் பெருமைப்பட எதுவுமில்லை.

பிரான்சில் இதே கணக்கை நேர்மாறாகப் போட்டார்கள். இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடக்கூடிய ஊர்களுக்கு இடையே உள்நாட்டு விமானம் கூடாது என்று 2023இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து லியோன், நாந்த், போர்தோ நகரங்களுக்குப் போன விமானங்கள் நின்றன. சட்டம் பிடித்தது மூன்றே தடங்களை என்று அங்கேயும் குறை சொன்னார்கள், அது நியாயமான குறையே. தடை போடு என்று நான் கேட்கவும் இல்லை. ரயில் எவ்வளவு நேரத்தில் போகும் என்பதை முதலில் பார்த்துவிட்டு விமானத்தைப் பற்றி யோசிக்கும் அந்த வரிசையைத்தான் கேட்கிறேன். இங்கே அது தலைகீழாக இருக்கிறது.

மாமல்லபுரத்துக்காரர்களிடம் வேறொரு ஆசை காட்டப்படுகிறது. ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் புதுச்சேரி லாஸ்பேட்டை, இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறீர்கள், வட்டார விமானங்கள் பெருகினால் சுற்றுலா கொட்டும் என்கிறார்கள். லாஸ்பேட்டை மாமல்லபுரத்திலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் போல. அங்கே உள்ள குட்டை ஓடுபாதையில் ஏடிஆர் வகைக்கு மேல் இறங்க வழியில்லை. மீனம்பாக்கம் ஐம்பது கிலோமீட்டர் போல. ஆக, எந்த விமானம் எங்கே இறங்கினாலும் பயணி கடைசியில் வந்து சேர்வது கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான். தொல்லியல் துறை சீட்டுப் போடும் சின்னங்களில், 2021–22இல் வெளிநாட்டவர் அதிகம் வந்த இடம் தாஜ்மகாலே அல்ல, மாமல்லபுரம். கொரோனாவால் வெளிநாட்டு வரத்தே சுருங்கிக் கிடந்த ஆண்டு என்பதால் அந்த முதலிடத்தை ரொம்பக் கொண்டாட வேண்டாம். ஆனாலும் அவர்கள் வந்தது சாலையில்தான். 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இங்கே சந்தித்தபோது, பிரதமர் ஹெலிகாப்டரில் திருவிடந்தையில் வந்து இறங்கினார். சீன அதிபர் கிண்டியில் தங்கிய ஓட்டலிலிருந்து காரிலேயே வந்து சேர்ந்தார். சாலையைக் காலி செய்து கொடுத்தால் சாலையே போதும்.

அர்ஜுனன் தபசுக்கு இத்தனை பேர் வந்து போகும் மாமல்லபுரத்தில் இன்றைக்கும் ஒரு ரயில் நிலையம் இல்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குக் கடலோரமாக ஒரு பாதை, ஏறக்குறைய 180 கிலோமீட்டர், பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே ஏட்டில் இருக்கிறது. சில ஆண்டு பட்ஜெட்டுகளில் அதற்கு ஒதுக்கிய தொகை ஆயிரம் ரூபாய். ஆயிரம் கோடி என்று தவறாகப் படித்துவிடாதீர்கள். செங்கல்பட்டுக்கு மட்டும் என்ன வாழ்கிறது? 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கத்தில் அவ்வளவு பெரிய பேருந்து முனையத்தைத் திறந்தார்கள், பக்கத்தில் ஓடும் ரயில் பாதையில் அப்போது ஒரு நிறுத்தம்கூட இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் எழும்பூர்–திருநெல்வேலி வந்தே பாரத் ரயிலைக் கொடியசைத்து அனுப்பினார்கள், நிறுத்தப் பட்டியலில் செங்கல்பட்டு இல்லை. வந்தே பாரத் இங்கே இரண்டு நிமிடம் நின்றால் திருச்சி மூன்று மணி நேரத்தை ஒட்டி வந்துவிடும். அதற்கு ஓடுபாதை வேண்டாம், மானியம் வேண்டாம், யாருடைய வயலையும் எடுக்க வேண்டாம். மனு எழுதுகிறவர்கள் அந்த இரண்டு நிமிடத்தைக் கேட்டு எழுதலாம்.